வேலைச் சீட்டு 318

சாக்கில் சுற்றி
ஸ்கூட்டரின் கால்பலகையில் கொண்டுவந்தான்.
பீன்யா இரண்டாம் கட்டம்,
மழை எட்டிப்பார்க்காத ஏப்ரல்.
"நீரே பர்த்தில்ல அக்கா" என்றான்.
மோட்டார் ஓடுகிறது, சத்தம் இருக்கிறது,
துப்பாக்கி முனையில் மட்டும்
ஒரு சோம்பேறித் தாரை.
பெயர் கேட்டேன். ஃபயாஸ்.
கொரகுண்டபாளையத்தில் கார் கழுவும் கடை.
சேர்ந்து ஐந்து வாரம்.

நான்கு போல்ட்.
தலை தனியாக, உடம்பு தனியாக.

இதற்குள் நேரானது என்று சொல்ல
ஒரு தண்டுதான்.
மோட்டாரோடு சுற்றும், வேறொன்றும் அறியாது.
அதன் தலையில் ஒரு தட்டு,
ஒருபக்கம் சரிந்த தொப்பியாக.
ஒன்பது டிகிரி. அளந்திருக்கிறேன்.
தட்டின் மேல் பேரிங், பேரிங்கின் மேல்
இன்னொரு தட்டு.
கீழது சுற்றுகிறது.
மேலது சுற்றுவதில்லை,
தள்ளாடுகிறது.
தரையில் விழுந்த காசு
அடங்குமுன் ஆடுமே, அந்த ஆட்டம்,
அடங்காமல்,
நிமிடத்துக்கு இரண்டாயிரத்து எண்ணூறு தரம்.

தள்ளாட்டம்.
வெகுகாலம் இந்தச் சொல்லைக்
குடிகாரர்களுக்கு மட்டுமே வைத்திருந்தேன்.
ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில்
பிரித்துப் பார்த்தேன்:
தள்ளு, ஆட்டம்.
ஸ்பானரே தேவைப்படவில்லை.

மூன்று பிஸ்டன்கள், வெள்ளைப் பீங்கான்,
ஆளுக்கொரு ஸ்பிரிங்கோடு
தட்டின் முதுகில் கால் ஊன்றி நிற்கின்றன.
தட்டு ஒரு பக்கம் உயர
அந்தப் பக்கத்துப் பிஸ்டன் உள்ளே நுழைகிறது.
தாழும்போது ஸ்பிரிங் அதை
வெளியே விரட்டுகிறது.
பின்வாங்கிய இடம் வெற்றிடம்;
காலியிடம் கண்டால் தண்ணீருக்குப் பொறுக்காது,
வால்வை இடித்துக்கொண்டு வரும்.
வந்த கதவு பின்னால் மூடிக்கொள்ளும்.
அடுத்த தள்ளலில்
போக ஒரே வழி.
ஒன்று குடிக்கும்போது இன்னொன்று துப்பும்,
மூன்றாவது நடுவில் எங்கோ.
வெளியே நிற்பவனுக்கு
அறுபடாத ஒரே தாரை.

தட்டை நிமிர்த்தினால்?
முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்கள்.
இங்கே முதல் கோணல் இல்லையென்றால்
எல்லாம் சுற்றும்,
ஒரு சொட்டு நகராது.

சீல்களை நெம்பி எடுத்தேன்.
கறுத்து, ஓரம் சுருண்டு,
ரப்பர் தீய்ந்த வாடை.
இது தேய்மானம் இல்லை.
தண்ணீர் இல்லாமல் ஓடியிருக்கிறது,
ஏழெட்டு நிமிடம்.
"தொட்டி காலியா?"
அவன் ஸ்கூட்டர் சாவியைப் பார்த்தான்.
போர் வற்றி மூன்று வாரம்.
டேங்கர் வரும் என்று
சுவிட்சைப் போட்டுவிட்டு
வாசலில் லாரிச் சத்தத்துக்குக்
காது வைத்து நின்றிருக்கிறான்.
கிட் ஆயிரத்து நானூறு.
முதலாளிக்குத் தெரிந்தால்
அவன் சம்பளத்தில்.

பம்ப் மேல் பம்பாக மேடேறி
இந்த ஊருக்கு வருகிறது காவேரி.
வழியில் எத்தனை சீல் எரிந்தது என்று
குழாயைத் திறப்பவர் யாரும் கேட்பதில்லை.

சீட்டில் 'காரணம்' என்றொரு கட்டம்.
இத்தனை வருஷம் அதில்
கண்டதைத்தான் எழுதியிருக்கிறேன்.
அந்த டீலர் பணம் நீட்டிய அன்றும்,
மேனேஜர் பக்கத்தில் நின்று
தொண்டையைச் செருமிய அன்றும்.
பேனா கொஞ்சநேரம் அங்கேயே நின்றது.

'சீல் பழசு, தேய்மானம்.'

எழுத்து லேசாகச் சாய்ந்திருந்தது.
ஒன்பது டிகிரி இருக்காது.

டெஸ்ட் பெஞ்சில் இந்த மாதம் முழுக்க
அதே நாற்பது லிட்டர்.
மேலே எண்ணெய்ப் படலம்.
பூட்டி, குழாய் மாட்டி, ஓட விட்டேன்.
முள் நடுங்கி நூறைத் தாண்டி நின்றது.
தாரை எதிர்த்தகட்டில் அறைந்து
திரும்பத் தொட்டிக்கே விழுந்தது.

ஃபயாஸ் முள்ளைப் பார்க்கவில்லை.
குனிந்து
தொட்டியின் மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.